நாலு நிமிடப் பேச்சுக்கு மூன்று வரைவுகள்

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. அக்கா மகள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எட்டு மாதமாகப் பதில் வரவில்லை, கதை வந்து நிற்கிறது. "பதில் சொல்ல வக்கில்லாதவன்தான் கதை சொல்லுவான்" என்கிறாள் என் மனைவி. இருபத்தாறு வருடமாக என் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பவள், அவளுக்குத் தெரியாதா.

கேள்வி கைபேசியில் வந்தது. அப்படியே தருகிறேன்:

"மாமா, அம்மாவோட போனைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் மூணு பன்னிரண்டுக்கு உங்க ஆபீஸ் நம்பருக்குப் பேசியிருக்காங்க. நாலு நிமிஷம். பாலம் மூடப் போறது உங்களுக்கு அப்பவே தெரியுமா? அம்மா உங்ககிட்ட கேட்டாங்களா?"

பதில் எழுதுவதே என் தொழில் என்பதுதான் இதில் வெட்கக்கேடு. இருபத்திரண்டு வருடமாக வெளியுறவு அமைச்சகத்தில் வரைவாளனாக இருக்கிறேன். 'அமைச்சகம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துள்ளது', 'அமைச்சகம் நிலைமையைக் கவலையுடன் கவனித்து வருகிறது' என்றெல்லாம் படித்திருப்பீர்கள். அந்த வருத்தம், கவலை, கவனிப்பு எல்லாம் இரண்டாம் மாடியில் ஜன்னலோர மேசையில் நான் உட்கார்ந்து போட்டவை. எங்கள் நாடு பெரிய நாடு, சுற்றி இருப்பவை சின்ன நாடுகள். பெரிய வீட்டுக்காரன் தும்மினால் பக்கத்து வீடுகளில் ஜன்னல் அதிரும். தும்மலுக்கு விளக்கம் எழுதுவது என் வேலை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஆற்றின் இரு கரையிலும் ஒரே மழை பெய்துகொண்டிருந்தது. ஆனால் பாலத்தின் நடுவே —"

மழை பெய்யவில்லை. சுள்ளென்று வெயில். சோகம் என்றதும் மழையை வரவழைத்துவிடுகிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ. அடித்துவிட்டேன்.

பிறகு இப்படி: "ஒரு பிராந்திய வல்லரசின் அண்டை நாட்டுக் கொள்கையில் உள்ள முரண்பாடுகளை ஆராயும்போது, முதலில் நாம் —"

இது கட்டுரை. மூன்று பக்கம் ஓடியது, நன்றாகவே ஓடியது. படித்துப் பார்த்தால் மூன்று பக்கத்திலும் அக்கா வரவே இல்லை. கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது: "என் அக்கா வாரம் இரண்டு முறை பாலத்தைத் தாண்டி வருவாள்."

இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற நாட்டில், ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு. நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அவர்கள் ஊரில் அந்த இயந்திரம் இல்லை. அவர்களுடைய தலைநகரத்தில் உண்டு, ஆனால் மலைப்பாதையில் பதினொரு மணி நேரம். பஸ்ஸும் மாலை ஐந்தரைக்கு ஒன்றே ஒன்றுதான். பாலத்தைத் தாண்டினால் எங்கள் எல்லை நகரத்து ஆஸ்பத்திரி, வாடகை வேனில் நாற்பது நிமிடம். அதனால் புதனும் சனியும் இங்கேதான் வருவாள். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு, எழுந்ததும் எனக்குப் போன் செய்து பக்கத்துக் கட்டில்காரியைப் பற்றி வம்பு பேசுவாள். பெரிய நாடு சின்ன நாடு என்பதெல்லாம் அவளுக்கு அந்த நாற்பது நிமிடம்தான்.

3

இந்தப் பகுதியைத் தவிர்க்கலாமா என்று பார்த்தேன், முடியாது. என் அலுவலகம் தெரியாவிட்டால் என் குற்றம் உங்களுக்குப் புரியாது.

எங்கள் பிரிவில் ஒவ்வோர் அண்டை நாட்டுக்கும் ஒரு நிறத்தில் கோப்பு. கடலுக்கு அப்பால் உள்ள தீவுக்குப் பச்சை. எங்களுக்கு எரிவாயு விற்கும் வடக்கு நாட்டுக்கு நீலம். அக்காவின் நாட்டுக்குப் பழுப்பு. கோப்புக்குள் இருப்பவை மேலிடம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வாக்கியங்கள். புதிதாக ஒரு வாக்கியம் எழுதினால் ஏழு கையெழுத்து வாங்க வேண்டும், பழைய வாக்கியத்துக்கு ஒன்றுகூட வேண்டாம். ஆகவே நாங்கள் எழுதுவதில்லை, எடுத்து ஒட்டுகிறோம். இன்னொரு விதியும் உண்டு: ஒரே மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திறந்து வைக்கக் கூடாது.*

* தாள்கள் கலந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவனுக்குச் சிரிப்பு வந்துவிடும் என்பதுதான் உண்மைக் காரணம். சிரிக்கிற ஆளை வைத்துக்கொண்டு வெளியுறவு நடத்த முடியுமா?

அந்த வாரம் இரண்டு பேர் விடுப்பு. மூன்று கோப்புகளும் என் மேசையில் வாயைப் பிளந்து கிடந்தன. நீலத்தில், தேர்தலை ரத்து செய்துவிட்டு எதிர்க்கட்சிக்காரர்களை உள்ளே தள்ளிய தளபதியைப் பற்றி: 'பிற நாடுகளின் உள்விவகாரங்களில் தலையிடுவது எங்கள் மரபல்ல.' பழுப்பில், அக்கரை நாட்டின் புதிய அரசியல் சட்டத்தில் எந்தெந்தப் பிரிவைத் திருத்தினால் எங்கள் மனம் குளிரும் என்று ஒன்பது 'நட்பார்ந்த ஆலோசனைகள்'. பச்சையில், புயலடித்த தீவுக்கு இரண்டு கப்பல் நிறைய மருந்து. மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம். தளபதி எரிவாயு தருகிறார். தீவு துறைமுகம் தருகிறது. அக்கரைக்காரர்கள் எங்களைக் கேட்காமல் தூரத்து வல்லரசு ஒன்றோடு சாலை ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள்.

அதற்குத் தண்டனையாகப் பாலத்தை மூடுவது என்று முடிவானது. தண்டனை என்று எழுத முடியாதே, 'பராமரிப்புப் பணி' என்று நான் எழுதினேன். புதன் காலை ஆறு மணிக்கு மூடுவது, பதினொரு மணிக்கு அறிவிப்பது. முன்கூட்டியே சொன்னால் லாரியெல்லாம் முதல்நாளே தாண்டிவிடும், அப்புறம் வலிக்காது.

தீவுக்கான அறிக்கையில் மட்டும் நான் புதிதாக ஒரு வாக்கியம் எழுதி, ஏழு கையெழுத்தும் வாங்கியிருந்தேன்: 'பக்கத்து வீட்டில் அழுகுரல் கேட்டால் எங்கள் தொண்டையில் சோறு இறங்காது.' செவ்வாய்க்கிழமை காலை எல்லாப் பத்திரிகையிலும் அதுவே தலைப்பு.

4

இனி அந்த நாலு நிமிடம். முதல் வரைவு:

"டேய், பேப்பர்ல வந்திருக்கே, தொண்டையில சோறு இறங்காதுன்னு, அது நீ எழுதினதுதானே?" என்றாள் அக்கா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா பேசற மாதிரியே இருக்கே. ஆனா எழுதின ஆளைப் பாரு! தட்டுல சோத்தைப் போட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டே நீ!"

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் கேட்டாள்: "சரி, அதை விடு. இங்க என்னென்னமோ பேசிக்கிறாங்க. பாலத்தை மூடப் போறாங்களாமே? மூடறதா இருந்தா இப்பவே சொல்லிடு. சாயங்காலம் பஸ்ஸைப் பிடிச்சுத் தலைநகரத்துக்குப் போயிடறோம். அங்க உங்க அத்தான்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் டாக்டரா இருக்கான், எப்படியாவது இடம் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கான்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

இந்த வரைவில் நான் அப்பாவி. வாசகர்கள் அப்பாவிகளைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள், கதைக்கும் நல்லது. ஆனால் பழுப்புக் கோப்பு என் முழங்கைக்குக் கீழே இருந்தது. 'புதன் காலை 6.00' என்பதை நானே என் கையால் எழுதியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், நாலு நிமிடத்தில் மறைக்க முடியாது.

இரண்டாம் வரைவு. எல்லாம் அதேதான், கடைசி வரி மட்டும் உண்மையில் நான் சொன்னது:

"மாத்தம் எதுவும் அறிவிக்கலக்கா."

"அப்பாடா! சரி, அப்போ வழக்கம்போல நாளைக்கு வர்றோம். உனக்கு ஏதாவது வேணுமா, எடுத்துட்டு வரவா?"

"ஒண்ணும் வேணாம்."

நான் சொன்னது பொய்யில்லை, பாருங்கள். மூன்று பன்னிரண்டுக்கு எதுவும் அறிவிக்கப்படவில்லைதான். எங்கள் பிரிவில் யாரிடமாவது இதே பதிலைச் சொல்லியிருந்தால், அடுத்த நிமிடமே அவன் பஸ் டிக்கெட் எடுக்க ஓடியிருப்பான். அக்கா எங்கள் பிரிவில் வேலை பார்க்கவில்லை. தம்பி சொன்னான், நம்பினாள்.

ஏன் சொல்லவில்லை? அலுவலகத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். ரகசியம் கசிந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. பயந்துவிட்டேன். இரண்டாம் வரைவு இந்தக் காரணத்தோடு முடிகிறது. நன்றாகத்தான் முடிகிறது.

(நன்றாக முடிகிற வரைவைக் கண்டால் எனக்குத் தொழில் ரீதியாகவே சந்தேகம் வரும். அதைப் பிறகு பேசுவோம்.)

5

புதன்கிழமை பதினொரு மணிக்கு அறிவிப்பை வெளியிட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"பாலம் மூடியிருக்குடா," என்றாள், எனக்கே தகவல் சொல்வதுபோல. "பரவாயில்ல, மதியம் திறந்துடுவாங்கன்னு காவல்காரர் சொல்றார். வேன்லதான் படுத்திருக்கேன். உங்க அத்தான் விசிறுறேன்னு உயிரை வாங்கறார்."

இயக்குநர் அறைக்கு ஓடினேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைப்புள்ளி. வரைவில் முற்றுப்புள்ளியைக் கண்டால் அரைப்புள்ளியாக மாற்றிவிடுவார். "முடிச்சுட்டா பொறுப்பு வந்துடும்யா" என்பார்.

"சார், என் அக்கா பாலத்துல நிக்கிறா. டயாலிசிஸ் கேஸ். ஒரே ஒரு வேன் சார், விடச் சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா இது, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒரே ஒரு வேன் சார்," என்றேன் மறுபடியும்.

"வேனை விட்டா என்ன ஆகும், யோசிச்சியா? பராமரிப்புப் பணின்னு சொல்லியிருக்கோம். ஒரு வேன் போச்சுன்னா பாலம் நல்லாத்தான் இருக்குன்னு ஆயிடும். அப்புறம் லாரியை ஏன் நிறுத்தினேன்னு கேப்பான்."

"நோயாளிக்கு மட்டும் அனுமதின்னு சொல்லலாமே சார்."

"நோயாளிக்கு மட்டும்னா மத்தவனுக்கு மூடியிருக்குன்னு அர்த்தம். நாமதான் மூடவே இல்லையேய்யா. பணி நடக்குது, அவ்வளவுதான்."

முதல் வரைவில் இந்த இடத்தில் அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே இதைச் சொல்வதாக எழுதியிருந்தேன். டீ கிடையாது. அவரை வில்லனாக்கினால் எனக்கு வசதி, அதனால் வந்த டீ. நடந்தது என்னவென்றால், அவர் என் முன்னாலேயே அமைச்சரின் செயலாளருக்குப் போன் போட்டார். "ஒரு பொம்பளை சார், நம்ம பையனோட அக்கா" என்று இரண்டு தரம் கெஞ்சினார். அந்தப் பக்கம் சொன்ன பதிலும் அதேதான்: பழுதான பாலத்தில் வேன் எப்படிப் போகும்? போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் எதையோ தேடினார்.

என் வார்த்தை அது. 'பாதுகாப்புச் சோதனை' என்று ஒரு பழைய வாக்கியமும் பழுப்புக் கோப்பில் இருந்தது. அதை ஒட்டியிருந்தால், வேனைச் சோதித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். சோதனை என்றால் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரிகிறதே, பராமரிப்பு என்றால் யார் மனமும் நோகாது என்று நான்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

அன்று மதியம் துறைமுகத்திலிருந்து ஒரு புகைப்படம் வந்தது, தீவுக்கு மருந்து ஏற்றுகிற படம். கீழே இரண்டு வரி எழுத வேண்டும். சரக்குப் பட்டியலைப் பார்த்தேன். டயாலிசிஸ் திரவம், நானூறு பெட்டி. எழுதிக் கொடுத்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை.

6

இந்தக் கதைக்கு வேறு முடிவுகள் இருக்கின்றன. எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஒன்றில், செயலாளர் "சரி, அந்த வேனை மட்டும் விடு" என்கிறார். இரண்டே வரியில் செத்துப்போன முடிவு. அந்தச் செயலாளர் அப்படிப் பேசுவார் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்றில், செவ்வாய்க்கிழமை அக்கா அத்தானோடு ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறுகிறாள். மலைப்பாதையில் குமட்டுகிறது, ஓட்டுநரைத் திட்டுகிறாள். விடிந்ததும் அந்தப் பழைய மாணவன் பேருந்து நிலையத்துக்கே வந்துவிடுகிறான். வெட்கப்பட்டுக்கொண்டு 'சார்' என்கிறான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு மணி நேரம் காத்திருந்து ஒரு கட்டில் கிடைக்கிறது. மாலையில் எனக்குப் போன். "இங்க பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருக்காடா, யாருகிட்ட எதைப் பேசறதுன்னே தெரியல அவளுக்கு —"

இதை எழுதிக்கொண்டே போனேன். பக்கத்துக் கட்டில்காரியின் மூன்று மகள்கள், அவர்களின் கல்யாணம், சண்டை எல்லாம் வந்தன. பதினான்கு பக்கம். நிறுத்த மனசே வரவில்லை.

நடந்தது: 'மதியம்' மாலை ஆனது, 'மாலை' நாளைக் காலை ஆனது. வியாழக்கிழமை நள்ளிரவு வரை வேன் அங்கேயே நின்றது. பிறகு அத்தான் வேனைத் திருப்பச் சொல்லித் தலைநகரத்தை நோக்கிக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை முற்பகல், மலைப்பாதையில், இன்னும் இரண்டு மணி நேரப் பயணம் இருக்கும்போது அக்கா இறந்துபோனாள். கடைசி இயந்திரம் அதற்கு முந்தின சனிக்கிழமை. ஆறு நாள்.

எங்களுக்குச் செய்தி வந்தபோது என் மனைவி அழுதாள், பிறகு எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். "பிள்ளையையும் கிள்ளி விடுறீங்க, தொட்டிலையும் ஆட்டுறீங்க. வெட்கமா இல்லையா உங்களுக்கு?" என்றாள். நாட்டைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா, நான் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் பாலம் திறந்தது. சாலை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்வதாக அக்கரை நாடு சொல்லிவிட்டது. 'பராமரிப்புப் பணி வெற்றிகரமாக நிறைவுற்றது.' அதையும் நான்தான் எழுதினேன்.

7

இப்போது மூன்றாம் வரைவு.

பயந்தேன் என்று சொன்னேன் அல்லவா. போன் பேசிய அந்த நாலு நிமிடத்துக்கு அது உண்மை. ஆனால் மூன்று பதினாறுக்கு மேல் என்ன ஆனது? என் சட்டைப் பையில் என் சொந்தக் கைபேசி இருந்தது. ஐந்தரை மணி பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வாசலுக்குப் போய் மரத்தடியில் நின்று 'அக்கா, பஸ்ஸுல போயிடு' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும், எந்த இயந்திரமும் பதிவு செய்யாது. அதைத்தான் செய்ய நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அதற்காகத்தான் எழுந்து படியிறங்கினேன்.

படியில் அரைப்புள்ளி எதிரே வந்தார். கூட அமைச்சரின் செயலாளர். "இவன்தான் சார், சோறு இறங்காது வாக்கியம்" என்றார் அரைப்புள்ளி. செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அமைச்சர் அந்த வரியைத் தொலைபேசியில் தீவு நாட்டுப் பிரதமருக்கு வாசித்துக் காட்டினாராம், அவர் குரல் தழுதழுத்துப் போய்விட்டதாம். அமைச்சர் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் அமைச்சர் என்னைப் பார்க்க விரும்பியது அதுதான் முதல் முறை.

போனேன். நாற்காலி போட்டார்கள். பாதாம் போட்ட பிஸ்கட் கொடுத்தார்கள். "அண்டை வீட்டார் பற்றி இப்படி ஒரு வரி எழுத மனசு வேணும்யா" என்றார் அமைச்சர். நான் குனிந்து சிரித்தேன். ஐந்து மணிக்கு வெளியே வந்தேன், மனைவிக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் வரிக்கு வரி சொன்னேன். ஐந்தரைக்கு அந்தப் பஸ் கிளம்பிப் போயிருக்கும். வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கினேன். மறுநாள் பதினொரு மணிக்கு அறிவிப்பை வெளியிடும்போதுதான் அக்கா ஞாபகம் வந்தது.

மறந்துவிட்டேன்.

8

இதுவரை 'வாசகர்களே' என்கிற பாவனையில் எழுதிவந்தேன். ஊர்பேர் தெரியாத ஆட்களிடம் சொல்வது எளிது, அதனால்தான். இந்தக் கதைக்கு வாசகி ஒருத்திதான். இனி நேராக உன்னிடமே பேசுகிறேன், கண்ணு.

உனக்கு இரண்டாம் வரைவை அனுப்ப நினைத்தேன். நான்கு முறை உறையில் போட்டு ஒட்டினேன். பயந்துபோன மாமாவை நீ என்றாவது ஒருநாள் மன்னித்துவிடுவாய். சம்பளக்காரன், பிள்ளைகுட்டிக்காரன், மேலே இருந்து நெருக்கினார்கள், பாவம் என்று உன் மனசே எனக்காக வாதாடும். உங்கள் அப்பா அதை நம்பி அழக்கூடச் செய்வார். பெரிய நாடு, கொள்கை, முரண்பாடு என்று நீயும் படித்தவளாக நாலு வார்த்தை சொல்லி ஆறிக்கொள்வாய். அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் நான் சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம்.

ஆகவே மூன்றாவதை அனுப்புகிறேன். உன் கேள்விக்குப் பதில், எந்தக் கோப்பிலும் இல்லாத பதில்: ஆமாம். உங்க அம்மா கேட்டா. எனக்குத் தெரியும். சொல்லல. சொல்ல எழுந்து போனவன், என்னைப் புகழ்ந்தாங்கன்னு மறந்துட்டேன்.

முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை. சனிக்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வரலாம் என்று இருக்கிறேன், உன் எதிரிலும் அப்பா எதிரிலும் இதை வாயால் சொல்ல. நான் வரக் கூடாது என்று நீ நினைத்தால், அதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு. நேராகச் சொல். நான் பாலத்தில் வந்து நின்ற பிறகு சொல்லாதே.